பறித்ததைத் திருப்பிக் கொடுப்பது பரிசா?

மிசூரி மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் அமெரிக்க மத்திய அரசின் மருத்துவமனைச் சிறை ஒன்று இருக்கிறது. 1972-இல் அதன் ஒரு பிரிவில் ‘ஸ்டார்ட்’ என்றொரு திட்டத்தைத் தொடங்கினார்கள். சிறப்புச் சிகிச்சை, மறுவாழ்வுப் பயிற்சி ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது. மற்ற மத்திய சிறைகளில் யார் சொல்லுக்கும் அடங்காதவர்கள் என்று பெயரெடுத்து, தனிக்கொட்டடியிலேயே நெடுநாள் கிடந்தவர்களில் சிலரைப் பொறுக்கி எடுத்து, சம்மதம் கேட்காமலே இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். அதிகாரிகள் மீது ஓயாமல் வழக்குப் போட்டதாலேயே எங்களைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள் என்று கைதிகள் சிலர் சொன்னார்கள். அடித்து உதைத்துத் திருத்துவது பழைய காலம், இனிமேல் உளவியல் முறைப்படி நடத்தையை மாற்றுவோம் என்பது நிர்வாகத்தின் வாதம்.

மொத்தம் எட்டுப் படிகள். புதிதாக வருகிறவர் முதல் படியில் இருப்பார். சொந்தப் பொருள்கள் பெரும்பாலும் கையை விட்டுப் போய்விடும். பொழுது முழுக்கச் செல்லுக்குள்ளேயே கிடக்க வேண்டும், வாரத்துக்கு இரண்டு குளியல், வெளியே வந்து கைகால் நீட்ட வாரத்துக்கு இரண்டு தடவை. அங்கிருந்து இரண்டாம் படிக்குப் போக 20 ‘நல்ல நாட்கள்’ சேர வேண்டும். ஒரு நாள் நல்ல நாளா இல்லையா என்பதைக் காவலர்கள் ஒரு தாளில் குறித்து வைப்பார்கள்: சுத்தமாக இருந்தாரா, சொன்ன வேலையைத் தயங்காமல் ஏற்றுக்கொண்டாரா, குரலை உயர்த்தாமல் பேசினாரா, எதிர்த்துப் பேசாமல் இருந்தாரா. படி ஏற ஏறக் குளியல் கூடும், வெளியே இருக்கும் நேரம் கூடும், வேலை கிடைக்கும், அதற்குக் கொஞ்சம் காசும் கிடைக்கும். எட்டையும் ஏறி முடித்தவருக்கு என்ன கிடைக்கும் என்று பார்த்தால், சாதாரணச் சிறையில் மற்றக் கைதிகளோடு போய் இருக்கலாம். அவ்வளவுதான். நாட்டின் மற்றக் கைதிகளுக்கெல்லாம் எந்தப் பரீட்சையும் இல்லாமல் கிடைத்திருக்கிற வாழ்க்கைதான் இவர்களுக்குக் கடைசிப் பரிசு.

இந்தத் திட்டத்தைப் பற்றி முதன்முதலாகப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டதற்குக் காரணம் என் தொழில். நான் சிறப்புக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். ஸ்டார் சார்ட் இல்லாமல் எங்களுக்கு ஒரு நாளும் ஓடாது. லாமினேட் செய்த அட்டை, அதில் வெல்க்ரோ ஒட்டிய ஐந்து கட்டங்கள், பக்கத்தில் குழந்தைக்குப் பிடித்த பொருளின் படம். நாற்காலியில் உட்கார்ந்தால் ஒரு ஸ்டார், மணிகளை நிறம் பிரித்துப் போட்டால் ஒரு ஸ்டார். ஐந்தும் ஒட்டியதும் அவனே அட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஊஞ்சலுக்கு ஓடுவான். நன்றாக வேலை செய்கிற முறை இது. பேச்சே வராத பிள்ளைகள் இதை வைத்து ஒரு மணி நேரம் வகுப்பில் உட்காரப் பழகியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால் நடத்தை மாற்று முறை என்றாலே மனிதனை எலியாக்குவது என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் எங்கள் வேலையில், சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிடும் ஒரு விதி உண்டு. டிபன் டப்பா சார்ட்டில் வராது. பாத்ரூம் வராது. அம்மாவிடம் போவது வராது. ஊஞ்சல் வேண்டுமென்றால் ஐந்து ஸ்டார், தண்ணீர் வேண்டுமென்றால் தண்ணீர். பசித்திருக்கிற பிள்ளை சாப்பாட்டுக்காகச் சொன்னதை இன்னும் வேகமாகச் செய்யும் என்பது எங்களில் யாருக்கும் தெரியாததில்லை. தெரிந்துதான் அந்த விதியை வைத்திருக்கிறோம்.

இந்த விதி தானாக வந்துவிடவில்லை, அதற்குப் பின்னால் வழக்குகள் இருக்கின்றன. பெரியவர்களிடம் டோக்கன் முறையை ஒழுங்காகச் செய்து பார்த்தது 1960-களில், இல்லினாய் மாநிலத்து அன்னா அரசு மனநல மருத்துவமனையில். டியோடோரோ அயிலான், நேதன் அஸ்ரின் என்ற இரு உளவியலாளர்கள் செய்தார்கள். வருடக்கணக்கில் வார்டில் சும்மா கிடந்த நோயாளிகள் சமையலறையிலும் சலவையிலும் வேலை செய்து டோக்கன் சம்பாதித்தார்கள். அந்த டோக்கனைக் கொடுத்து எதை வாங்கினார்கள் தெரியுமா? விருப்பமான அறை, கட்டிலைச் சுற்றி ஒரு மறைப்பு, வார்டை விட்டு வெளியே போய் நடக்க அனுமதி, மருத்துவரோடு தனியாகப் பேசக் கொஞ்ச நேரம். இந்த முறை நாடெங்கும் பரவிய பிறகு, 1972-இல் அலபாமாவின் மனநல மருத்துவமனைகளைப் பற்றிய வயாட் எதிர் ஸ்டிக்னி வழக்கில் நீதிபதி ஃபிராங்க் ஜான்சன் ஒரு பட்டியல் போட்டார். படுக்க வசதியான கட்டில், துணிமணி வைக்க இடம், சத்தான சாப்பாடு, பார்க்க வருகிறவர்களைச் சந்திப்பது, வழிபாடு எல்லாம் நோயாளிக்கு உள்ள உரிமைகள் என்றார். அப்படியென்றால் அவற்றை டோக்கனுக்கு விற்க முடியாது. வெகுமதிக்கு வேறு ஏதாவது தேடிக்கொள்ள வேண்டியதுதான். என் கண்ணில் இந்தத் துறையின் மிக முக்கியமான நாள் அதுதான்.

அதே 1972-இல்தான் ஸ்பிரிங்ஃபீல்டில் குளியலை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டார்ட் திட்டத்தின் விதைக்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். கொரியப் போரில் சீனர்களிடம் பிடிபட்ட அமெரிக்கச் சிப்பாய்களை ஆராய்ந்தவர் எட்கர் ஷைன் என்ற உளவியலாளர். பிடிபட்டவர்களின் நட்பை உடைப்பது, தலைமை தாங்கக்கூடியவர்களைப் பிரிப்பது, கடிதங்களைத் தடுத்து நிறுத்துவது, ஒருவரை ஒருவர் நம்பாதபடி செய்வது என்று சீன முகாம்களில் நடந்ததை அவர் விவரமாக எழுதியிருந்தார். 1961-இல் மத்திய சிறைத் துறை வாஷிங்டனில் நடத்திய கருத்தரங்கில் அவரே வந்து சிறை அதிகாரிகளிடம் பேசினார். மூளைச்சலவை என்றதும் எதிரி நாட்டு அரசியல் என்று பதறாதீர்கள், மனிதரின் நடத்தையை மாற்றும் வழிமுறை என்ற அளவில் பாருங்கள், நோக்கம் வேறென்றால் வேறு பயனும் கிடைக்கும் என்பது அவர் பேச்சின் சாரம். துறைத் தலைவர் ஜேம்ஸ் பென்னட் கண்காணிப்பாளர்களிடம், உங்கள் உங்கள் சிறையில் துணிந்து சோதனை செய்து பாருங்கள் என்று ஊக்கம் கொடுத்தார். ஸ்டார்ட் அதற்குப் பத்து வருடம் கழித்து வந்தது. ஆனால் மற்றவர்களிடமிருந்து பிரித்து, வெறுமையான அறையில் வைத்து, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுப்பது என்ற ஏற்பாட்டைப் பார்க்கும்போது, அந்தக் கருத்தரங்கை நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

திட்டத்தின் நடப்பு எப்படி இருந்தது? கைதிகளில் சிலர் முதல் நாளிலிருந்தே ஒத்துழைக்க மறுத்தார்கள். உண்ணாவிரதம் இருந்தார்கள். முதல் படியிலேயே கிடந்தாலும் கிடப்போம், உங்கள் தாளில் டிக் வாங்க மாட்டோம் என்று நின்றார்கள். மத்திய நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள், குடிமக்களின் உரிமைகளுக்காகப் போராடும் ஏ.சி.எல்.யு. அமைப்பின் சிறைப் பிரிவு அவர்களுக்காக வாதாடியது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 1974 பிப்ரவரியில் சிறைத் துறை திட்டத்தை மூடப்போவதாக அறிவித்தது. தகுதியான ஆட்கள் போதுமான எண்ணிக்கையில் கிடைக்கவில்லை, செலவு கட்டுப்படியாகவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். ஜூலையில் தீர்ப்பு வந்தது. குளோன்ஸ் எதிர் ரிச்சர்ட்சன் என்பது வழக்கின் பெயர், நீதிபதி ஜான் ஆலிவர். திட்டம் மூடப்பட்டுவிட்டதால் பல கேள்விகளுக்குள் அவர் போகவில்லை. ஆனால் ஒன்றை அழுத்தமாகச் சொன்னார்: ஒரு மனிதனின் மனத்தை மாற்றி அதன் வழியாக நடத்தையை மாற்றவென்றே திட்டமிட்டு அவனை வேறு நிலைமைக்குள் கொண்டுபோவது அவனுடைய சிறைவாழ்வில் பெரிய மாற்றம், அதை அவனிடம் காரணம் சொல்லாமல், அவன் பக்கத்தைக் கேட்காமல் செய்யக்கூடாது. சிகிச்சை என்று பெயர் வைத்துவிட்டால் விசாரணை தேவையில்லை என்ற வாதம் அங்கே செல்லவில்லை.

சிகிச்சை என்ற பெயருக்குள் எவ்வளவு அடங்கும் என்பதற்கு அயோவா மாநிலத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே ஒரு சிறை மருத்துவ நிலையத்தில் அபோமார்ஃபின் என்ற மருந்தை ஊசியாகப் போட்டார்கள். போட்டதும் வாந்தி. கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை. தப்பான நடத்தையை நினைத்தாலே உடம்பு குமட்ட வேண்டும் என்பது கணக்கு. எந்தத் தப்பு என்று தீர்ப்பில் பட்டியல் இருக்கிறது: காலையில் எழுந்திருக்காதது, அனுமதி இல்லாமல் சிகரெட் கொடுத்தது, பேசியது, கெட்ட வார்த்தை சொன்னது, பொய் சொன்னது. மருத்துவர் ஒவ்வொரு முறையும் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று இல்லை, செவிலியரே போடலாம். யார் தப்புச் செய்தார் என்ற தகவல் சக கைதிகளிடமிருந்துகூட வரலாம். 1973 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், கைதி எழுதிக்கொடுத்த சம்மதம் வேண்டும், அதை அவர் எந்த நேரமும் திரும்பப் பெறலாம், ஒவ்வொரு ஊசிக்கும் மருத்துவரின் தனி அனுமதி வேண்டும் என்று நிபந்தனை போட்டது. கலிஃபோர்னியாவின் வாக்கவில் சிறையில் கொடுத்த அனெக்டின் என்ற மருந்து இதைவிட மோசம். தசைகளை முடக்கி மூச்சைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிடும், நினைவு மட்டும் தெளிவாக இருக்கும். அந்த நேரத்தில் காதருகே அவருடைய குற்றங்களை எடுத்துச் சொல்வார்கள். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

இந்த ஊசிகளைக் காட்டி, ‘ஸ்டார்ட் அப்படியில்லையே, அங்கே யாரையும் தொடவில்லையே’ என்று பேசியவர்கள் உண்டு. எனக்கு இரண்டுக்கும் நடுவே ஒரு உறவு தெரிகிறது. சிகரெட் கொடுத்ததும் பேசியதும் நோயாக முடியாது. குரலை உயர்த்தாமல் பேசுவதும் மறுவாழ்வு ஆகாது. இரண்டு இடத்திலும் தாளில் எழுதியிருந்தது காவலருக்கு எது வசதி என்பதுதான். சார்ட்டைத் தயாரிக்கிறவரும் மார்க் போடுகிறவரும் பலன் அடைகிறவரும் ஒருவரே என்றால் அங்கே என்ன மாறும்? தொல்லை குறையும். அந்த மனிதர் வெளியே போய் மறுபடி திருடாமல் இருக்க அதில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தால் கிடைக்காது.

இந்த இடத்தில் நியாயமாக ஒன்று சொல்லிவிட வேண்டும். சிறையில் டோக்கன் முறையைக் கவனமாகச் செய்து பார்த்தவர்களும் உண்டு. அலபாமாவில் டிரேப்பர் என்ற சிறையில் மைக்கேல் மைலன், ஜான் மெக்கீ இருவரும் 1970-களின் தொடக்கத்தில் ஒரு பிளாக்கில் செய்தார்கள். நேரத்துக்கு எழுவது, படுக்கையைச் சரிசெய்வது, இருக்குமிடத்தைச் சுத்தமாக வைப்பது, படிப்பது ஆகியவற்றுக்குப் புள்ளிகள். காவலர்களின் அதட்டலையும் மிரட்டலையும் கூட்டிப் பார்த்ததைவிடப் புள்ளிகள் நன்றாக வேலை செய்தன. ஆனால் செய்தாலும் செய்யாவிட்டாலும் புள்ளி உண்டு என்றவுடன் படுக்கைகள் பழையபடி கலைந்து கிடந்தன. இதில் எனக்கு வியப்பில்லை. எங்கள் வகுப்பிலும் சார்ட்டை ஒரே நாளில் எடுத்துவிட்டால் அதுதான் நடக்கும். அதனால்தான் நாங்கள் ஸ்டாருக்கு நடுவில் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய், அந்த வேலையிலேயே ஒரு சுகம் வருகிற வரைக்கும், வீட்டிலும் அதைச் செய்ய ஒரு காரணம் கிடைக்கிற வரைக்கும் காத்திருக்கிறோம். சிறைக் கதவுக்கு வெளியே அந்தக் காரணத்தை யார் கொடுப்பது? வேலை, வீடு, கூப்பிட்டால் வரும் உறவு. அதை எந்தப் புள்ளித் தாளும் கொடுக்காது.

இன்னும் பழைய கதை ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். அலெக்சாண்டர் மெக்கானக்கி என்ற கடற்படைக் கேப்டன் 1840-இல் நார்ஃபோக் தீவின் சிறைக்குத் தலைமை ஏற்றார். ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டு அங்கேயும் மறுபடி குற்றம் செய்தவர்களை அனுப்புகிற தீவு அது. சவுக்கடிக்குப் பேர்போன இடம். அவர் கொண்டுவந்ததும் மதிப்பெண் முறைதான்: இத்தனை வருடம் என்று தண்டனை இருக்கக்கூடாது, இத்தனை மதிப்பெண் சம்பாதிக்கும் வரை என்று இருக்க வேண்டும் என்றார். உழைத்தும் ஒழுங்காக நடந்தும் அதைச் சேர்க்கலாம், கூடுதல் வசதிகளுக்காகச் செலவும் செய்யலாம். பிற்பாடு சிறு குழுக்களாகச் சேர்ந்து, ஒருவர் தவறினால் குழுவே நஷ்டப்படும்படி வைத்தார். இந்தக் கடைசி ஏற்பாடு எனக்குப் பிடிக்கவில்லை, ஒருவரை ஒருவர் வேவு பார்க்க வைத்துவிடும். ஆனால் அவர் தொடங்கிய விதத்தைப் பாருங்கள். வந்து சில மாதங்களிலேயே, 1840 மே மாதம், விக்டோரியா மகாராணியின் பிறந்தநாளுக்குச் சிறைக் கதவுகளைத் திறந்துவிட்டார். தீவு முழுக்கக் கைதிகள் காலாற நடந்தார்கள், நல்ல சாப்பாடு சாப்பிட்டார்கள், எலுமிச்சைச் சாற்றில் கொஞ்சம் ரம் கலந்து மகாராணிக்கு வாழ்த்துச் சொன்னார்கள், கைதிகளே நாடகம் போட்டார்கள், வாணவேடிக்கை நடந்தது. சாயங்காலம் மணி அடித்ததும் அவரவர் இடத்துக்குத் திரும்பினார்கள். சிட்னியில் இதைக் கேட்டவர்கள் கொதித்தார்கள். 1844-இல் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.

யாருடைய மதிப்பெண்ணையும் பார்க்காமல் எல்லாருக்கும் அந்த நாளைக் கொடுத்திருக்கிறார். மெக்கானக்கியின் கணக்கு ஒரு மனிதனுக்கு இருக்க வேண்டிய மரியாதையிலிருந்து தொடங்கி மேலே போனது, ஸ்பிரிங்ஃபீல்டின் கணக்கு வெறும் சுவரிலிருந்து தொடங்கியது. மதிப்பெண், படி, பரிசு எல்லாம் இரண்டிலும் உண்டு. தொடங்கும் இடம்தான் வேறு, எனக்கு முழு வேறுபாடும் அங்கேதான் இருக்கிறது.

பழைய அமெரிக்கக் கதையாக இதை ஒதுக்கிவிடவும் முடியாது. இங்கிலாந்துச் சிறைகளில் 1995-லிருந்து சலுகைகளைச் சம்பாதிக்கும் முறை இருக்கிறது. நன்றாக நடந்தால் கூடுதலாகப் பார்வையாளர் வரலாம், செலவுக்குக் கூடுதல் காசு, செல்லில் டிவி. குறைந்தபட்ச நிலைக்குத் தள்ளப்பட்டால் அதெல்லாம் போகும். 2013 நவம்பரில் நீதித்துறை அமைச்சர் கிறிஸ் கிரேலிங் விதிகளை இறுக்கினார். வீட்டிலிருந்து பார்சல் வருவது ஏறக்குறைய நின்றுபோனது. பார்சலோடு சேர்ந்து புத்தகமும் நின்றது. சிறை நூலகம் இருக்கிறது, சம்பாதித்துக் கடையில் வாங்கலாம் என்று அரசு சொன்னது. எழுத்தாளர்கள் தெருவில் இறங்கினார்கள், ஒரு பெண் கைதி வழக்குப் போட்டார், 2014 டிசம்பரில் நீதிபதி காலின்ஸ் அந்தக் கட்டுப்பாடு சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தார். புத்தகத்தைச் சலுகை என்று வகைப்படுத்துவதே விசித்திரம் என்று அவர் குறிப்பிட்டிருந்தார். அதைப் படித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு தாய் மகனுக்கு அனுப்பும் புத்தகத்தைப் பரிசுப் பட்டியலில் சேர்க்கலாமா என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். எல்லாமே இப்படிச் சின்னச் சின்ன விஷயமாகத்தான் பட்டியலுக்குள் போகிறது.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. 1894-ஆம் ஆண்டின் சிறைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். ரெமிஷன் முறை என்றால் என்ன என்று சொல்லும் இடத்திலேயே, கைதிகளுக்கு மதிப்பெண் வழங்கி அதன்படி தண்டனையைக் குறைக்கும் விதிகள் என்று இருக்கிறது. அதே சட்டத்தின் 46-ஆம் பிரிவு தண்டனைகளைப் பட்டியலிடும்போது விலங்கு, தனியறை, குறைத்த உணவு, சவுக்கடி ஆகியவற்றோடு சேர்த்து, ரெமிஷன் முறையில் கிடைக்கும் சலுகைகளைப் பறிப்பதையும் சொல்கிறது. நல்லது செய்தால் மார்க், கெட்டது செய்தால் மார்க் போச்சு. ஆக, நடத்தை மாற்று முறை என்ற பெயர் வருவதற்கு ரொம்ப முன்பே நம் ஜெயில்களில் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, மார்க் போடுகிறவரும் பறிக்கிறவரும் ஒரே நிர்வாகம்தான். 1978-இல் திகார் சிறையிலிருந்து வந்த சுனில் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறைக்குள் போனதால் அடிப்படை உரிமைகள் செத்துவிடுவதில்லை, தனிக்கொட்டடியில் போடுவதற்கு நியாயமான விசாரணை வேண்டும் என்றது. நீதிபதி கிருஷ்ணய்யர் இருந்த அமர்வு அது. ஸ்பிரிங்ஃபீல்டு தீர்ப்பு வந்து நான்கே வருடத்தில் அதே கேள்விக்கு நம் பக்கத்திலிருந்து வந்த பதில்.

ஆனால் தனிக்கொட்டடி கண்ணுக்குத் தெரிகிற தண்டனை, வழக்குப் போடலாம். ‘இந்த வாரம் உனக்கு மனு கிடையாது’ என்று சொன்னால் அது வழக்காகாது. தமிழ்நாட்டில் ஜெயிலுக்குப் போய்ச் சொந்தக்காரரைப் பார்ப்பதை மனு பார்ப்பது என்பார்கள். பஸ் ஏறி, வாசலில் கால் கடுக்க நின்று, கண்ணாடிக்கோ கம்பிக்கோ இந்தப் பக்கம் நின்று பேசுகிற அந்தக் கொஞ்ச நேரத்தை ஒருவருடைய நடத்தைக்குச் சம்பளமாக வைத்தால், அந்தச் சம்பளத்தில் பாதி வாசலில் நிற்கிற மனைவியுடையது, பிள்ளையுடையது. அவர்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை.

பறித்துத் திருப்பிக் கொடுக்கும் இந்தக் கணக்குக்கு அமெரிக்காவில் ஒரு நல்ல பதிலும் கிடைத்தது. வட கரோலினாவின் பட்னரில் நடத்தை ஆராய்ச்சிக்கென்றே மத்திய அரசு ஒரு சிறையைக் கட்டிக்கொண்டிருந்தது. ஸ்டார்ட்டைச் சுற்றி எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு அந்தத் திட்டத்தை மாற்றி, 1976-இல் திறந்தபோது நார்வல் மோரிஸ் என்ற சட்டப் பேராசிரியரின் யோசனைப்படி நடத்தினார்கள். படிப்பும் தொழிலும் சிகிச்சையும் கைதியின் விருப்பம். சேராவிட்டால் வெளியே போகும் தேதி ஒரு நாளும் தள்ளிப்போகாது. அந்த ஒரு ஏற்பாட்டால் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு வேலை கடினமாகிவிடும், ஏனென்றால் பயத்தால் யாரும் வந்து உட்கார மாட்டார்கள், வகுப்பு நன்றாக இருந்தால்தான் வருவார்கள். ஒரு வாத்தியாராக எனக்கு அது சரியான நிபந்தனையாகவே படுகிறது.

மத்திய உள்துறை 2023-இல் மாதிரிச் சிறைச் சட்டம் ஒன்றைத் தயாரித்து மாநிலங்களுக்கு அனுப்பியிருக்கிறது. சிறை மாநிலங்களின் பொறுப்பு, ஆகவே சட்டமும் விதியும் ஒவ்வொரு மாநிலமாக எழுதப்படும். நன்னடத்தைக்கு என்னென்ன கொடுக்கலாம் என்று அதில் பக்கம் பக்கமாக எழுதட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. அதற்கு முந்தைய பக்கத்தில், எந்தக் காரணத்துக்காகவும் அந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாதவை என்று பெயர் சொல்லி எழுதிவிட வேண்டும்: சாப்பாடு, குளியல், மருந்து, வெயிலில் நடக்கக் கொஞ்ச நேரம், கடிதம், புத்தகம், மனு.